ஹேக்கிங் விளையாட்டுக்கு நெட் இணைப்பு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் வட்டாரக் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்டுக்கு ‘ஹேக்கிங் விளையாட்டு’ என்று தலைப்பு எழுதித் தரும் மாணவர்களுக்காகவும், அதைப் பார்த்ததும் தயங்கும் பேராசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறோம். ஆடுபவர் கற்பனைக் கணினிகளுக்குள் நுழைந்து கோப்புகளைத் தேடி எடுக்கும் ஆட்டம் அது. தயங்க வேண்டிய இடம் ஒன்றுதான்: விளையாட்டுக்குள் நிஜ நெட்வொர்க் வரக் கூடாது. அதில் உறுதியாக இருந்தால் தலைப்பைத் தாராளமாக அனுமதிக்கலாம்.

முதல் மாதிரிக்கு மூன்று கணினிகள் போதும், மூன்றும் கற்பனை. ஆடுபவருடையது, நடுவில் ஒன்று, இலக்கு ஒன்று. இலக்கை ஒரு வெள்ளிப் பட்டறையின் பில் கணினி என்று வைத்துக்கொள்ளலாம். பெயர், முகவரி, திறந்திருக்கும் போர்ட்டுகள் (வெளியிலிருந்து இணைப்பு வரும் வாசல்கள்), கோப்புகள், லாக் (நடந்தவற்றின் பதிவு) ஆகியவற்றை ஜேசான் என்ற எளிய உரை வடிவக் கோப்பு ஒன்றில் எழுதி, ஆட்டம் தொடங்கும்போது நினைவகத்தில் ஏற்றினால் முடிந்தது. தேடு, இணை, பட்டியல், படி, நகல், அழி என்று ஆறு கட்டளைகளுக்கு மேல் இப்போது வேண்டாம்.

ஆடுபவர் தட்டும் கட்டளையை நிஜ ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கட்டளையாக மாற்றி அதனிடமே அனுப்புவதுதான் பெரிய தவறு. நாலு வரியில் வேலை முடிகிறது என்று நிஜக் கட்டளைகளை ஓட்டும் பைத்தானின் சப்பிராசஸைக் கூப்பிட்டால், விளையாட்டில் ‘அழி’ என்றதும் லேப் கணினியில் கோப்பு நிஜமாகவே போய்விடும். கோப்புகளை நிஜ ஃபோல்டரில் வைத்தாலும் இரண்டு புள்ளி தட்டி மேல் ஃபோல்டருக்கு ஏறிவிடலாம். ஐபி முகவரியையும் தோன்றியபடி எழுதக் கூடாது. அது யாரோ ஒருவரின் சர்வராக இருக்கும், ஆர்வத்தில் ஒருவர் வெளியே அதைத் தொட்டுப் பார்ப்பார். தீய நோக்கத்தோடு அனுமதியின்றி நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 203.0.113 என்று தொடங்கும் முகவரிகள் எடுத்துக்காட்டுகளுக்கென்றே 2010-இல் ஒதுக்கப்பட்டவை. கடைசி எண்ணாக 1 முதல் 254 வரை எதையும் போடலாம்.

எதிராளி நம்மைக் கண்டுபிடிக்கும் கடிகாரத்தை 90 விநாடியில் தொடங்கிப் பாருங்கள். இணைந்த உடனே ஓடவிடாமல், முதல் தவறான பாஸ்வேர்டுக்குப் பிறகு ஓடவிடுவது நல்லது. திரை ஒருமுறை வரையப்படும்போதெல்லாம் ஒன்று குறைப்பதாக எழுதினால் பழைய கணினியில் ஆடுபவருக்கு நேரம் கூடுதலாகக் கிடைக்கும். கழிந்த விநாடியைத்தான் கழிக்க வேண்டும்.

இந்த விளையாட்டு தமிழில் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறோம். சிக்கலும் அங்கேதான் அதிகம். ‘சேலம்’ கண்ணுக்கு 3 எழுத்து, கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 5 குறியீடு. கட்டளை தட்டும் திரையான டெர்மினல் போல ஒவ்வொரு குறியீடாகக் காட்டினால் முதலில் வெறும் ‘ச’ வரும், பிறகு கொம்பு முன்னால் வந்து அதைத் தள்ளும், கடைசியில் ‘ம’ மேல் புள்ளி தனியாக விழும். முழு எழுத்தாகப் பிரித்துக் காட்ட வேண்டும். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடோ எஞ்சினின் 3-ஆம் பதிப்பில் கொம்பு இடம் மாறியே நிற்கும். 2023-இல் வந்த 4-ஆம் பதிப்பில் சரியாக அமைகிறது. தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இராது என்பதால் ஸ்பேஸ் வைத்துப் பட்டியலை நேராக்க முடியாது, ஒவ்வொரு நெடுவரிசையும் தொடங்கும் இடத்தைத் திரையில் குறித்துவிடுங்கள்.

பட்டறையின் பாஸ்வேர்டு ‘கொலுசு’ என்றால் இன்னொரு சிக்கல். ‘கொ’வை ஒற்றை உயிர்க்குறியாலும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். பார்க்க ஒன்றுதான், ஒப்பிட்டால் ‘தவறு’ என்று வரும். இரண்டு பக்கத்தையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும்.

பாஸ்வேர்டு ஒவ்வொரு எழுத்தாகத் திறந்துகொள்வதுபோல் காட்டாதீர்கள். நிஜத்தில் பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டு வைக்கும் ஹாஷ் என்ற மதிப்பைத்தான் ஒப்பிடுவார்கள். அது முழுதாகப் பொருந்தும், அல்லது பொருந்தாது. அதனால் பட்டறைக்காரரின் கவனக்குறைவுதான் வழியாக இருக்கட்டும். அவர் பாஸ்வேர்டைக் குறிப்புக் கோப்பில் எழுதி வைத்ததும், ஒரே பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் வைத்ததும் பிடிபட்டால்தான் ஆடுபவர் தன் பழக்கத்தைத் திரும்பிப் பார்ப்பார்.

பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பீட்டு நாளில் லேன் கேபிளைக் கழற்றி, வைஃபையையும் அணைத்துவிட்டு ஆட்டத்தை ஓட்டச் சொல்லுங்கள். எங்காவது நின்றுவிட்டால், நின்ற இடத்தின் நிரலைத் திறந்து காட்டும்வரை மதிப்பெண் போடாதீர்கள்.

இப்படிக்கு,
கணினிப் பாதுகாப்புப் பயிற்றுநர்கள்,
அஸ்தம்பட்டி, சேலம்.