ஒருவருக்கு மாரடைப்பு என்றால் வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் பாருங்கள்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும், பங்குப் பேரவையினருக்கும், மீனவர் ஊர்த் தலைவர்களுக்கும் ஒரு லேப் டெக்னீசியன் எழுதும் திறந்த மடல்.

பெரியவர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். உங்கள் ஊரில் ஆண் என்றால் 55 வயதுக்குள், பெண் என்றால் 60 வயதுக்குள் யாராவது மாரடைப்பில் இறந்தாலோ, மதுரைக்குப் போய் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தாலோ, அவருடைய பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், பெற்றவர்கள் எல்லோருக்கும் அடுத்த சில வாரங்களுக்குள் ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்க ஊர் நிர்வாகம் பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். ஏன் அரசாங்கத்திடம் கேட்காமல் உங்களிடம் கேட்கிறேன் என்பதையும் சொல்கிறேன்.

கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, மண்டபம், தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரை முழுவதிலுமிருந்து வரும் ரத்தத்தைப் பல வருடங்களாகக் கையில் வாங்குகிறவன் நான். இங்கே இளவயதில் ஒருவர் போய்விட்டால் பேச்சு எப்போதும் சாப்பாட்டில்தான் போய் நிற்கிறது. நெய்ச்சோறு, தொதல், தேங்காய்ப்பால், ஆட்டுக்கறி என்று இறந்தவரின் தட்டைக் குறை சொல்லிவிட்டு எழுந்து போகிறோம். சாப்பாட்டுக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பீடி சிகரெட்டுக்கும், சர்க்கரைக்கும், பிரஷருக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் அப்பன் 44-இல், மகன் 39-இல், சித்தப்பா 47-இல் என்று ஒரே வீட்டில் வரிசையாக நடக்கும்போது தட்டை மட்டும் பார்த்தால் போதாது. அந்த வீட்டின் ரத்தத்தைப் பார்க்க வேண்டும்.

பரம்பரையாக வரும் ஒரு கொழுப்பு நோய் இருக்கிறது. நம் ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பைக் கல்லீரல்தான் பிடித்து இழுத்து வெளியேற்றுகிறது. பிடிக்கிற வேலையைச் செய்வது கல்லீரல் செல்களின் மேல் இருக்கும் ஏற்பிகள். அமெரிக்காவில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் இதைக் கண்டுபிடித்து 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த ஏற்பிக்கான மரபணு நமக்கு இரண்டு பிரதிகளாக வருகிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. அதில் ஒன்று பழுதாக வந்துவிட்டால் பிறந்த நாளிலிருந்தே எல்.டி.எல். கிட்டத்தட்ட இரு மடங்கு. கலுங்கு அடைபட்ட கண்மாயில் மழை குறைவாகப் பெய்தாலும் தண்ணீர் வடியாமல் நிற்குமே, அப்படித்தான். பத்தியச் சாப்பாடு மட்டும் இதைச் சரிசெய்யாது. இரண்டு பிரதியுமே பழுது என்றால் சின்ன வயதிலேயே மாரடைப்பு வரும்.

உலகக் கணக்கில் ஏறக்குறைய 250 பேருக்கு ஒருவர் இந்த ஒற்றைப் பழுதோடு பிறக்கிறார். 2011 கணக்கெடுப்பில் கீழக்கரை நகரத்தின் மக்கள்தொகை சுமார் 38,000. உலக விகிதத்தையே வைத்துப் பார்த்தாலும் அந்த ஒரு ஊரில் மட்டும் 150 பேர் வரும். மருந்தில்லாமல் விட்டால் இவர்களில் ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதயநோய் வந்துவிடும். பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு 60 வயதுக்குள்.

இதில் என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு மிக அதிகமாக இருப்பவரின் ரத்தத்தை மெஷினில் சுற்றி எடுத்தால் மேலே நிற்கும் சீரம் பால் மாதிரி வெளுத்திருக்கும். குழாயைத் தூக்கிப் பார்த்ததுமே தெரிந்துவிடும். எல்.டி.எல். மட்டும் ஏறியிருப்பவரின் சீரம் அப்படி இருக்காது. இளமஞ்சளாக, தெளிவாக, ஆரோக்கியமான ஆளுடைய சீரம் போலவே இருக்கும். மெஷினில் எண் வந்த பிறகுதான் விஷயமே தெரியும். அந்த ஆளுக்கும் வலி, மயக்கம், மூச்சுத்திணறல் எதுவும் இருக்காது. கேட்டுப் பார்க்காதவரை உடம்பு சொல்லாது.

சிலரிடம் மட்டும் வெளியே தெரியும். மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறவர், மெலிந்த உடம்பு, மீனும் சோறும்தான் சாப்பாடு. கண் இமையின் உள்மூலையில் இரண்டு பக்கமும் மஞ்சளாக மெழுகை ஒட்டியது மாதிரி தடிப்பு. குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் விரல் பருமனுக்குப் புடைத்திருந்தது. பாறையில் மிதித்து மிதித்து அப்படி ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். எல்.டி.எல். 280. பெரியவர்களுக்கு 190-ஐத் தாண்டினாலே டாக்டரிடம் போக வேண்டும். அவருடைய தம்பி கடலுக்குப் போன இடத்தில் வள்ளத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். எங்களிடம் வருவதற்கு முன்பே ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார் இந்த அக்கா. “எண்ணெயைக் குறைங்கம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தம்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, பிள்ளைகளை அழைத்துவரச் சொல்லவும் இல்லை. அப்புறம் நாங்கள் சொல்லி அவருடைய இரண்டு மகன்களுக்கும் பார்த்தோம். மூத்தவனுக்கு ஒன்றுமில்லை. இளையவன் பள்ளிக்கூடத்துப் பையன், அவனுக்கு 210. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த வீட்டில் நடந்ததும் அதுதான்.

சரி, இதற்கும் ஜமாஅத்துக்கும் ஊர்க் கூட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

சின்ன கூட்டமாக ஓரிடத்தில் குடியேறி, தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற மக்களிடம், முதலில் வந்த சில பேரில் ஒருவரிடம் இருந்த மரபணுப் பிழை தலைமுறை தலைமுறையாகப் பெருகி நிற்கும். கனடாவின் கியூபெக்கில் நடந்தது இது. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து போன சில ஆயிரம் பேரின் வழிவந்தவர்கள் அங்கே ஆங்கிலம் பேசுகிற நாட்டுக்குள் பிரெஞ்சு பேசும் சிறுபான்மை. அவர்களில் இந்தக் கொழுப்பு நோய் உள்ளவர்களை 1987-இல் ஆராய்ந்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களிடம் அதே ஏற்பி மரபணுவில் அதே துண்டு காணாமல் போயிருந்தது. தென்னாப்பிரிக்காவின் டச்சு வழி வெள்ளையர்களிடமும் இதே கதை, மூன்றே பிழைகள் பெரும்பாலான குடும்பங்களில். அதே தென்னாப்பிரிக்காவில் குஜராத்திலிருந்து போய்க் குடியேறிய நம் நாட்டுக் குடும்பங்களிலும் ஒரே பிழை பல வீடுகளில் காணப்பட்டது.

நம் கரையை நினைத்துப் பாருங்கள். ஊருக்குள்ளேயே நிக்காஹ், தெருவுக்குள்ளேயே சம்பந்தம். மீனவர் குப்பங்களில் அத்தை மகன், மாமன் மகள். மரைக்காயர், கடையர், பரவர் என்று ஒவ்வொரு கூட்டமும் தனக்குள் கட்டிக்கொண்டே வந்திருக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இந்த உறவுகள்தான் நம்மைப் பஞ்சத்திலும் புயலிலும் தாங்கின. எந்தக் கூட்டத்துக்கும் இது இருக்கிறது என்று நான் முத்திரை குத்தவும் இல்லை, யாரும் குத்தவும் கூடாது. ஒரு வீட்டில் பிழை இருந்தால் அது பக்கத்து வீட்டு உறவிலும் இருக்கும் வாய்ப்பு நம் ஊர்களில் அதிகம் என்பதைத்தான் சொல்கிறேன்.

ஆகவே தேடுவதும் இங்கே எளிது. கியூபெக்கில் வம்சாவளிகளைப் பின்னோக்கிப் பிடிக்க உதவியவை தேவாலயப் பதிவேடுகள். உங்கள் பள்ளிவாசலில் நிக்காஹ் தஃப்தர் இருக்கிறது. பங்குக் கோயிலில் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் இருக்கின்றன. மீனவர் ஊர்களில் வரி கட்டும் குடும்பங்களின் கணக்கு இருக்கிறது. யார் யாருக்குச் சொந்தம் என்று எந்த ஆஸ்பத்திரிக்கும் தெரியாதது உங்களுக்குத் தெரியும். சென்னையில் இருக்கும் காக்கா, துபாயில் சபர் இருக்கும் மச்சான், கட்டிக்கொடுத்துப்போன தங்கச்சி என்று எல்லோரையும் ஒரே போனில் பிடிக்க உங்களால்தான் முடியும். உங்களிடம் கேட்பது இதனால்தான்.

நெதர்லாந்து நாட்டில் 1994 முதல் இருபது ஆண்டுகள் இப்படித்தான் செய்தார்கள். ஒரு நோயாளி கிடைத்தால் அவர் உறவினர், அவர்களில் யாருக்கு இருக்கிறதோ அவருடைய உறவினர் என்று வீடு வீடாகப் போய் 25,000 பேருக்கு மேல் கண்டுபிடித்தார்கள். அங்கே மருந்து சாப்பிட்டு வளர்ந்த 214 பிள்ளைகளை இருபது வருடம் கழித்துப் பார்த்து 2019-இல் வெளியிட்ட முடிவு இது: 39 வயதுக்குள் இதய பாதிப்பு வந்தது நூற்றுக்கு ஒருவருக்கு. அதே நோயுள்ள அவர்களின் பெற்றோரில் அந்த வயதுக்குள் நூற்றுக்கு 26 பேருக்கு வந்திருந்தது. பெற்றோரில் நூற்றுக்கு ஏழு பேர் அந்த வயதுக்குள் இறந்தும் போயிருந்தார்கள். பிள்ளைகளில் ஒருவர்கூட இதயநோயால் இறக்கவில்லை. ஒரே குடும்பம், ஒரே மரபணு, நடுவில் மாத்திரை மட்டும் வந்தது.

அந்த மாத்திரை அதிசய மருந்தும் இல்லை. அடோர்வாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் வகைதான், அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடிவருகிறவருக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் இதுவும் ஒன்று. நெஞ்சுவலி வந்தபின் கொடுப்பதை, வரும் முன்னரே சேர வேண்டிய வீட்டுக்குச் சேர்ப்பதுதான் நம் வேலை. பிள்ளைகளுக்கு எட்டு, பத்து வயதிலிருந்தே டாக்டர் பார்த்துத் தொடங்கலாம். கர்ப்பம் தரிக்க நினைக்கிற பெண்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மரபணுச் சோதனைக்கு இப்போது யாரும் அலைய வேண்டாம். சாதாரண கொழுப்புப் பரிசோதனையே முதலில் போதும், அதற்கு வெறும் வயிறும் கட்டாயம் இல்லை. பெரியவர்களுக்கு எல்.டி.எல். 190-க்கு மேல், குடும்பத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கு 160-க்கு மேல் என்றால் டாக்டரிடம் போக வேண்டும். முடிந்தால் லைப்போபுரோட்டீன் ஏ என்ற இன்னொரு கொழுப்புத் துகளையும் ஆயுளில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம். அதுவும் பரம்பரையில் வருவது, தெற்காசியர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது கூடுதலாக இருக்கிறது.

கல்யாணப் பேச்சுதான் பெரிய தடை, தெரியும். பெண்ணுக்குக் கொழுப்பு நோய் என்று தெரிந்தால் யார் கட்டுவார் என்று ஒரு தாய் என்னிடம் ரிப்போர்ட்டை வாங்காமலே போயிருக்கிறார். அதனால் இரண்டு விஷயம். ரிப்போர்ட் அந்தந்தக் குடும்பத்தின் கைக்கு மட்டும் போகட்டும். ஜமாஅத்திலோ ஊர் ஆபீசிலோ யாருக்கு இருக்கிறது என்று பட்டியல் வைக்கவே கூடாது. உறவைத் தேடப் பதிவேடு உதவட்டும், நோயை அதில் எழுத வேண்டாம். இரண்டாவது, மிம்பரிலும் பூசையிலும் ஊர்க் கூட்டத்திலும் நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும்: இது யாருடைய பாவமும் இல்லை, ஒழுக்கக்கேடும் இல்லை, மருந்து உள்ள நோய். உங்கள் வாயால் வந்தால்தான் ஊர் கேட்கும். நோயுள்ள இரண்டு பேர் கல்யாணம் செய்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரட்டைப் பழுதோடு பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. மாமி மகனுக்கும் மாமு மகளுக்கும் பேசுகிற வீடுகள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற நன்மை.

சிறுபான்மையாக இருக்கிறோம் என்று ஆய்வைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அமெரிக்காவில் கறுப்பின மக்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணுவின் ஒரு பிரதி வேலை செய்யவில்லை என்றும், அவர்களுக்கு எல்.டி.எல். குறைவு, இதயநோய் மிக மிக அரிது என்றும் 2006-இல் வெளியானது. அதே மரபணு உருவாக்கும் புரதத்தைக் குறிவைத்த ஊசி மருந்துகள் 2015-இல் வந்தன, இன்று உலகம் முழுக்கப் போடுகிறார்கள். ஒரு சின்ன கூட்டத்தின் ரத்தம் எல்லோருக்கும் மருந்தாகியிருக்கிறது. நம் நாட்டிலும் ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் மரபணுத் தரவை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கிறது. அந்த வேலை அதன் போக்கில் நடக்கட்டும். நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

ரத்ததான முகாம் நடத்த உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, வருடா வருடம் நடத்துகிறீர்கள். அதே பந்தலில் ஒரு மேசை கூடுதலாகப் போடுங்கள். கடந்த ஐந்து வருடத்தில் இளவயதில் மாரடைப்பு வந்த வீடுகளுக்கு முதலில் ஆள் அனுப்பி வரச்சொல்லுங்கள். இந்த மடலை வரும் ஜும்ஆவுக்குப் பிறகும், ஞாயிறு பூசைக்குப் பிறகும் வாசித்து, ஒரு தேதி குறித்துச் சொன்னால் போதும். அன்றைக்கு ரத்தம் எடுக்க நான் வருகிறேன், என்னோடு வேலை பார்க்கிறவர்களையும் அழைத்து வருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
கீழக்கரை வட்டாரத்து லேப் டெக்னீசியன் ஒருவர்