பொங்கல் காசுப் பரிமாற்றத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

சேகரிப்பாளர் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காசு சேகரிப்பவர்கள் ஒருவர் விரும்பும் காசை இன்னொருவர் பண்டிகைப் பரிசாக அனுப்பும் இந்தப் பொங்கல் காசுப் பரிமாற்றத்தில் கடைசிப் பொட்டலமும் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அனுப்பியவருக்குப் பெற்றவர் நன்றி சொல்லிக்கொள்வார். ஆனால் நடுவில் நின்று பெயர் கோத்தவர், எடை போட்டவர், உறை மாற்றியவர் ஆகியோரின் பெயர் எந்தப் பொட்டலத்தின் மேலும் இருக்காது. இந்த மடல் அவர்களுக்கு. பெயர் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் ஊரையும் வேலையையும் மட்டும் குறிப்பிடுகிறோம். வேலையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். வேறு ஊர்களில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

முதல் நன்றி பெயர் கோத்த ஈரோட்டுத் தம்பிக்கு. சீட்டுக் குலுக்கிப் போட்டால் சிலருக்குத் தன் பெயரே வரும். இருவர் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளும்படியும் ஆகிவிடும். ஒருவர் பாதியில் விலகினால், அவரிடமிருந்து பெற வேண்டியவர் வெறுங்கையோடு நிற்பார். தம்பி எல்லாப் பெயரையும் கலைத்து ஒரே வரிசையாக எழுதினார். ஒவ்வொருவரும் தனக்கு அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும், கடைசி ஆள் முதல் ஆளுக்கு. யாராவது விலகினால் அவருக்கு முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவருக்கு அனுப்பினால் போதும். மற்றவர்களுக்கு எதுவும் மாறாது. மார்கழியில் அப்படி ஒருவர் விலக நேர்ந்தபோது ஒரு போன் பேச்சோடு வேலை முடிந்தது.

விருப்பப் பட்டியலைத் திரட்டிய மதுரை அக்காவைச் சிலர் கறார் என்றார்கள். கறாராக இருந்ததால்தான் உருப்பட்டது. "பழைய காசு எதுவானாலும் சரி" என்று எழுதியவர்களுக்கெல்லாம் படிவத்தைத் திருப்பி அனுப்பினார். எந்தக் காலம், எந்த உலோகம், எந்தத் தரம், ஏற்கெனவே கையில் என்னென்ன இருக்கின்றன என்ற நான்குக்கும் பதில் வேண்டும். அக்கசாலைக் குறி (காசு அடித்த ஆலையின் அடையாளம்) பார்த்துச் சேர்ப்பவர் ஆண்டை மட்டும் எழுதினால் பயனில்லை. தசமக் காசுகளில் (ரூபாய்க்கு நூறு பைசா என்ற முறையில் வந்தவை) ஆண்டுக்குக் கீழே சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே ஆண்டு ஒரு ரூபாய் நான்கு விதமாக இருக்கக்கூடும். அனுப்புகிறவருக்கு அது தெரிய வேண்டாமா?

ஒரு பொட்டலத்துக்கு வரம்பு 500 ரூபாய், எண்ணிக்கையில் ஐந்து காசுக்கு மிகாமல். எல்லாப் பொட்டலமும் முதலில் திருச்சிக்கு வந்து, அங்கே பிரித்துப் பார்த்த பிறகுதான் உரியவருக்குப் போனது. தபால் செலவு இரட்டிப்பாகிறதே என்ற குறை நியாயமானதுதான். இருந்தாலும் இந்த நடு நிறுத்தத்தை விட்டுவிடக் கூடாது என்பது எங்கள் முடிவு. ஏன் என்பதற்குத் திருச்சி அண்ணன்கள் செய்த வேலையே பதில்.

வந்த காசுகளில் கணிசமானவை மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் இருந்தன. அது பிவிசி. மடக்கினால் வளையும், மூக்கருகே கொண்டுபோனால் புது மழைக்கோட்டு வாசனை அடிக்கும். அந்த பிளாஸ்டிக் நாளாக ஆக அமிலத்தைக் கசியவிடும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. செம்பிலும் வெண்கலத்திலும் பிசுபிசுவென்று பச்சைப் படலமாகத் தெரிவது அதுதான். ஓட்டைக் காலணாக்கள் (1943 முதல் 1947 வரை அடித்த வெண்கலக் காசு) இதில் அதிகம் அடிபட்டிருந்தன. படலம் மேலாக இருக்கும்போதே பிடித்தால் காசைக் காப்பாற்றலாம். அண்ணன்கள் செய்தது இப்படி: கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோனை ஊற்றி, காசைச் சில நிமிடம் ஊறவைத்து, பழைய அசிட்டோனைக் கொட்டிவிட்டுப் புதியதில் இன்னொரு முறை அலசி, துடைக்காமல் காற்றில் உலரவிட்டார்கள். நகப்பூச்சு அகற்றும் திரவம் இதற்கு ஆகாது. அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். பிளாஸ்டிக் கிண்ணமும் கூடாது, கரைந்து காசிலேயே ஒட்டும். அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பச்சை உள்ளே அரித்துக் குழி விழுந்துவிட்டால் அசிட்டோனும் அந்தக் குழியைச் சரிசெய்யாது.

பிறகு ஒவ்வொன்றையும் இரண்டு அங்குலச் சதுர அட்டை ஹோல்டருக்கு மாற்றினார்கள். அட்டையின் நடுவே காசு தெரியும் பிளாஸ்டிக் ஜன்னல் காசைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும்: ஓட்டைக் காலணாவுக்கு 22.5 மில்லிமீட்டர், 25 மில்லிமீட்டர் எஃகு ஒரு ரூபாய்க்கு 27.5, வெள்ளி ரூபாய்க்கு 32.5. சின்ன ஜன்னலில் அழுத்தினால் அட்டை விளிம்பு காசைத் தொடும். 9 கிராம் எடையுள்ள பழைய ஐந்து ரூபாய் தடிமனானது. அவசரமாக மூடினால் ஜன்னலின் பிளாஸ்டிக் படலம் கிழியும். அட்டையை மூட ஸ்டேப்ளர் பின் அடிப்பதும் ஒரு தனிக் கலைதான். காசுக்கு நெருக்கமாக அடிக்கக் கூடாது. அடித்த பிறகு பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்க வேண்டும். இல்லையென்றால் ஆல்பத்தில் அடுத்த காசைக் கீறுவது அந்த முனைதான். ஹோல்டரைத் திறக்கும்போது எல்லாப் பின்னையும் கழற்றிய பிறகே அட்டையைப் பிரிக்க வேண்டும். பாதி கழற்றி இழுத்தால் பின் காசின் மேல் உராய்ந்து செல்லும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களுக்குப் போன பொட்டலங்களில் துருப்பிடிக்காத பின்னும், ஒரு கிராம் சிலிக்கா ஜெல் பையும் வைத்தவர்களுக்குத் தனி நன்றி.

இங்கே ஒரு வேண்டுகோளும் உண்டு. பூஜைப் பாத்திரம் தேய்ப்பதுபோல் காசைப் புளியும் சாம்பலும் போட்டு யாரும் தேய்க்காதீர்கள். நன்றாகத்தான் மின்னும். ஆனால் காலம் ஏற்றிய பழுப்பு நிறம் போய்விடும், மயிரிழைக் கீறல்கள் மட்டும் மிஞ்சும், சேகரிப்பாளர் அதைத் தொடமாட்டார். அனுப்புகிறவர்கள் அழகாக இருக்கட்டும் என்றுதான் செய்கிறார்கள். அந்த அன்பு புரிகிறது. அழுக்கோடு வந்த ஓரணாவே மேல்.

அசலா போலியா என்று பார்த்துக்கொடுத்த நெல்லை அண்ணாச்சிக்கு எப்படி நன்றி சொல்வது? இன்றைய வெள்ளி விலையில் 500 ரூபாய் வரம்புக்குள் ஜார்ஜ் மன்னர் காலத்து வெள்ளி ரூபாய் வராது. வந்தாலே அண்ணாச்சி தராசை எடுத்துவிடுவார். இருக்க வேண்டிய எடை 11.66 கிராம். தேய்மானத்தில் பத்தில் ஒன்றிரண்டு கிராம் குறையலாம், ஒரு கிராமே குறைந்தால் கதை வேறு. காந்தத்தை மட்டும் நம்பக் கூடாது என்பது அவர் ஓயாமல் சொல்வது. பித்தளைக் கலவைப் போலியும் காந்தத்தில் ஒட்டாது. மறுபக்கம், 1947ஆம் ஆண்டு ரூபாய் சுத்தமான நிக்கல். அசல்தான் காந்தத்தில் ஒட்டும். அது போலி என்று பயந்து ஒருவர் திருப்பி அனுப்பக் கேட்டிருந்தார். அண்ணாச்சியின் விளக்கத்துக்குப் பிறகு மகிழ்ச்சியோடு வைத்துக்கொண்டார்.

அனுமனும் ராமர் பட்டாபிஷேகமும் பொறித்து, கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818 என்ற ஆண்டும் போட்ட செம்புத் துண்டும் வழக்கம்போல் வந்தது. சென்னையில் கம்பெனி அடித்த தங்க வராகனில் விஷ்ணு உருவம் உண்டு என்பது உண்மை. ஆனால் இந்த 1818 செம்புத் துண்டு எந்த அக்கசாலையிலும் செலாவணிக்கு அடித்ததல்ல, பிற்காலக் கற்பனைச் சரக்கு. அபூர்வ சக்தி உண்டு என்று சொல்லி இதைப் பெரிய விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள், ஏமாற வேண்டாம். அனுப்பியவர் மனம் நோகாமல் பேசி, வேறு காசு வாங்கி வைத்ததும் அண்ணாச்சிதான்.

புதுக்கோட்டை அம்மன் காசு விஷயத்துக்கு வருகிறோம். ஒருபுறம் அமர்ந்திருக்கும் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் 'விஜய', அளவில் சின்னஞ்சிறு செம்புக் காசு. நவராத்திரிக்கு அரசர் அரிசியோடு சேர்த்து வழங்கிய காசு என்பதால் பண்டிகைப் பரிசாகக் கொடுக்க இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. பினாங்கு நண்பருக்கென்று அப்படி ஒன்று வந்திருந்தது. அதன்மேல் ஆண்டு கிடையாது. ஆனாலும் நூறு வயதைத் தாண்டியது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு நிறைந்த காசு தொல்பொருள். தனியாள் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. இதைக் கவனித்து நிறுத்திய காரைக்குடி வக்கீல் ஐயாவுக்கு நாங்கள் எல்லாருமே கடன்பட்டிருக்கிறோம். அம்மன் காசு உள்நாட்டிலேயே வேறொருவருக்குப் போனது. பினாங்குக்கு 1995ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின் திருவள்ளுவர் காசுகள் மூன்றும் (ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய்) போயின. 'ஆற்று மணலில் கிடைத்தது' என்று சீட்டு எழுதி வந்த ஒன்றையும் ஐயா ஏற்கவில்லை. மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பினாங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த பொட்டலங்களும் அருமை. தமிழ் எழுத்துள்ள காசு மட்டும் கேட்டிருந்த தேனிப் பள்ளி மாணவிக்கு ஜார்ஜ் காலத்துச் சிலோன் சதமும், 1985 முதல் 'சிங்கப்பூர்' என்று தமிழில் பொறித்துவரும் காசுகளும் கிடைத்தன. கடல் கடந்த பொட்டலங்களைச் சாதாரணத் தபாலில் போட முடியாது என்பதால், விடுமுறைக்கு ஊர் வந்து திரும்பியவர்கள் கையோடு எடுத்துச் சென்றார்கள். அவர்களுக்கும் நன்றி.

கட்டிக்கொடுத்த சேலத்து நண்பர்களின் முறை எளிது. ஹோல்டரைவிடப் பெரிய இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, டேப்பின் நுனியை மடித்துவிட்டு ஒட்ட வேண்டும். பிரிக்கக் கத்தி தேவைப்படாது. ரப்பர் பேண்டு கூடாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். காதருகே வைத்து ஆட்டினால் சத்தம் வரக் கூடாது. கலகலவென்று ஒலிக்கும் உறை வேண்டாத கையை இழுக்கும்.

மிஞ்சிய ஹோல்டர்கள் திருச்சியில் இருக்கின்றன, பெரும்பாலும் 27.5 அளவு. வேண்டுவோர் தபால் செலவை மட்டும் ஏற்றுப் பெற்றுக்கொள்ளலாம். பெற்ற காசின் சீட்டில் ஆண்டோ அக்கசாலையோ தவறாக இருந்தால் மதுரை அக்காவுக்குத் தெரிவியுங்கள். அடுத்த பட்டியல் தீபாவளிக்குப் பிறகு திறக்கும்.

அன்புடன்,
பரிமாற்ற ஒருங்கிணைப்பாளர்கள்