பேசுறார்னு விட்டுடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தலையில அடிபட்டு இறந்தவங்களப் பத்தி செய்தி வரும்போதெல்லாம் "நல்லா பேசிட்டு இருந்தவர் திடீர்னு மயங்கி விழுந்தார்"னு ஒரு வரி வந்துடுது. எமர்ஜென்சி வார்டுல நர்ஸா இருக்குற எனக்கு அதப் படிக்கவே மனசு ஆறல, ஏன்னா பல தடவை அது திடீர்னு நடக்குறதே இல்ல. மண்டையோட்டுக்குக் கீழ ரத்தம் கசிஞ்சு கசிஞ்சு சேந்துக்கிட்டே இருக்கும், அதுவரைக்கும் ஆளு எழுந்து உக்காந்து பேசுவாங்க, வீட்டுக்குப் போறேம்பாங்க.

ஒரு தம்பி அப்படித்தான் வந்தாரு, பைக்ல இருந்து விழுந்தவரு. செருப்பு ஒண்ணக் காணோம் எங்கன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அதே கேள்வி. கூட வந்தவங்க "அதான் பேசுறான்ல"ன்னாங்க. டார்ச் அடிச்சுப் பாத்தேன், ரெண்டு கண்மணியும் ஒரே மாதிரி சுருங்குச்சு. முக்கால் மணி நேரத்துல வலது பக்கம் மட்டும் விரிஞ்சு கிடந்துச்சு, லைட்டுக்கு அசையவே இல்ல; உள்ள சேந்த ரத்தம் மூளைய அழுத்துதுங்கிறதுக்கு அடையாளம் அது. உடனே சிடி, ஆபரேஷன், பொழச்சுக்கிட்டாரு.

1974ல கிளாஸ்கோ டாக்டருங்க ரெண்டு பேரு கொண்டுவந்த ஸ்கோர் இருக்கு, கண்ணு, பேச்சு, கைகால் அசைவு மூணையும் பாத்து 3ல இருந்து 15 வரைக்கும் மார்க். 8க்கு வந்துட்டா மூச்சுக்கு டியூப் போடுற நிலைமை. ஆனா ஒரு தடவை போட்டா போதாது, 15ல இருந்தவர் 13க்கு இறங்குறாரான்னு பாக்கத்தான் அதே ஆள விடாம எழுப்பி எழுப்பிக் கேக்குறோம், தூங்க விடலன்னு எங்கள கோவிச்சுக்காதீங்க.

பட்ட அடிய யாராலும் எடுக்க முடியாது. ஆக்ஸிஜன் குறையுறதும் மேல் பிரஷர் 90க்குக் கீழ போறதும் மூளைக்கு ரெண்டாவது அடி, அதத் தடுக்குறதுதான் எமர்ஜென்சில முக்கால்வாசி வேலையே. இங்கதான் ரோட்டுல நிக்கிறவங்க கைலயும் நிறைய இருக்கு. தூக்கி உக்கார வச்சு தண்ணி ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். வாந்தி எடுத்தா தலை, கழுத்து, உடம்பு ஒரே கட்டையா ரெண்டு மூணு பேரு சேந்து பக்கவாட்டுல திருப்புங்க. காது மூக்குல தண்ணியா வடிஞ்சா பஞ்சு வச்சு அடைக்க வேணாம். வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லி சண்டைக்கும் வராதீங்க, தலையில அடிபட்டவங்க 10,000 பேருக்கு மேல வச்சுப் பாத்த கிராஷ் (CRASH)ங்கிற ஆய்வுல அது சாவக் கூட்டுதுன்னு 2004லயே தெரிஞ்சுபோச்சு.

உங்ககிட்ட ஒரே கோரிக்கை. விபத்துச் செய்தி போடுறப்போ ஓரத்துல நாலு வரி சேருங்க: தலைவலி கூடிக்கிட்டே போறது, விடாத வாந்தி, பேச்சுக் குழறல், வலிப்பு, எழுப்பினாலும் சொக்குறது. ரத்தம் இளக்குற மாத்திரை எடுக்குறவங்கன்னா இதுல எதுவுமே இல்லாட்டியும் நேரா ஆஸ்பத்திரிக்கு வரணும்னும் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்