36 வேறு, 34 வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஊர்ப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்துச் சொல்லும் ஏசர் (ASER) அறிக்கை வெளிவரும்போதெல்லாம் ‘ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தல் தெரியவில்லை’ என்ற பேச்சு கிளம்பும். அதில் கேட்கப்படுவது கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டிலக்கக் கணக்கு. அந்தக் கணக்கின் எந்தப் படியில் பிள்ளை நிற்கிறது என்பதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

52 − 28 கொடுத்துப் பாருங்கள். விடை 24. 36 என்று எழுதும் பிள்ளை மேல், கீழ் பார்க்காமல் 8இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. 34 எழுதும் பிள்ளை கடன் வாங்கியிருக்கிறது, 12இல் 8 போக 4 என்று சரியாகவும் போட்டிருக்கிறது. 5ஐ அடித்து 4 ஆக்க மறந்துவிட்டது. 23, 25 என்று வந்தால் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணியதில் ஒன்று பிசகியிருக்கும். முதல் பிள்ளைக்கு இடமதிப்பிலிருந்தே தொடங்க வேண்டும். மூன்றாவதற்கு 18க்குள் கழித்தல் பழகினால் போதும். மூவருக்கும் ஒரே பெருக்கல் குறி போட்டு, “பத்து தடவை எழுதிட்டு வா” என்றால் தவறுதான் பத்து தடவை பழகும்.

இதையே 52 − 27 என்று கொடுத்தால் முதல் இருவருக்கும் 35தான் வரும். கடன் வாங்கும் கணக்கில் ஒன்றாமிட இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் எப்போதும் இந்தச் சிக்கல் உண்டு (63 − 38, 81 − 36 போட்டுப் பாருங்கள்). திருத்துபவருக்கு எது எந்தத் தவறு என்றே தெரியாது. வினாத்தாள் தயாரிப்பவர்கள் இதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை.

இதைச் சொல்லித்தரும் பொருளுக்குச் செலவு வேண்டாம். ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாகக் கட்டினால் போதும். ரப்பர் பேண்ட் வெயிலில் இற்றுவிடும். பழைய சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டிக்கொள்ளலாம். தரையில் சாக்பீஸால் பத்துகள், ஒன்றுகள் என இரண்டு கட்டம். 5 கட்டும் 2 உதிரியும் வைத்து 28ஐ எடுக்கச் சொல்லுங்கள். உதிரி போதாது என்று பார்த்துப் பிள்ளையே ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும், ஆசிரியர் அவிழ்த்துக் கொடுக்கக் கூடாது. அவிழ்த்த உடனே நோட்டில் 5ஐ அடித்து 4, பக்கத்தில் 12. குச்சி வேலையை முழுக்க முடித்துவிட்டுக் கணக்கைத் தனியாக எழுதவைத்தால் இரண்டும் ஒட்டாது. 34 எழுதும் பிள்ளைக்குத் தேவையே இந்த ஒட்டுதல்தான். பத்தை ஒரு பட்டையாகக் காட்டும் அச்சுப் படம் இந்த இடத்தில் உதவாது, அதை அவிழ்க்க முடியாதே!

நடுவில் சுழியம் வரும் 402 − 158இல் விடை 244. அதிகம் வருவது 254. சுழியம் 10 ஆனதோடு நின்றுவிடுகிறது, 9 ஆவதில்லை. பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாகக் கட்டுங்கள். பெரிய கட்டு ஒன்றைப் பிரித்தால் பத்துச் சிறு கட்டு. அதில் ஒன்றை உதிர்த்தால் மிச்சம் ஒன்பது, கண்ணெதிரே. 402 குச்சி வேண்டியிருப்பதால் வகுப்புக்கு ஒரே தொகுப்பு போதும்.

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 36, 34, 25 எழுதிய மூவரும் ஒரே நிலையில் உட்கார்ந்திருக்கலாம். ஆசிரியர் கையேட்டில் ஒவ்வொரு கழித்தல் கணக்குக்கும் சரியான விடைக்குப் பக்கத்தில், வழக்கமாக வரும் இரண்டு தவறான விடைகளையும் அவற்றின் காரணத்தையும் ஒரு வரியில் அச்சிடலாம். கல்வித் துறை இதைப் பரிசீலிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.