மறுமுனைக் கைப்பிடி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய 11 படங்களும் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு கருவியின் அருகிலும் நீ வைத்திருக்கும் சீட்டில் பெயரும் நீளமும் எடையும் உன் பழைய பள்ளிக்கூடக் கையெழுத்திலேயே இருப்பதைக் கண்டு அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். தாத்தாவின் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று இந்தக் குடும்பத்தில் உனக்கு மட்டுமே தோன்றியிருக்கிறது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெட்டியை மாடிக்கு எப்படி ஏற்றினாய் என்று நீ எழுதவில்லை. அது இருவர் தூக்கும் பாரம். மறுபக்கத்தை யார் பிடித்தார்கள்?

முதல் இரண்டு படங்களுக்கும் 'கோடரி' என்று ஒரே பெயரை எழுதியிருக்கிறாய். அவை ஒரே வேலைக்கானவை அல்ல. மெல்லிய பக்கங்களோடு இருப்பது நிற்கும் மரத்தை வெட்டுவதற்கு உரியது. இழைகளைக் குறுக்கே அறுத்து ஆழமாக இறங்க வேண்டும் என்பதால் அதைச் சாணை பிடித்து மெலிதாகவே வைத்திருப்பார்கள். இரண்டாவது, ஆப்பைப் போலத் தடித்திருப்பது, கிடக்கும் கட்டையை இழையின் போக்கிலேயே பிளப்பதற்கானது. அதற்குக் கூர்மையைவிடக் கனமும் சரிவுமே முக்கியம். முதலாவதில் காம்பு செருகும் துளை இருபுறமும் புடைத்திருப்பதைக் கவனித்தாயா? கோடரியின் பின்புறத்தால் இரும்பு ஆப்பை அடித்தால் அப்படித்தான் ஆகும். அது சம்மட்டி செய்ய வேண்டிய வேலை. அந்தப் புடைப்பு சின்ன மாமாவின் கைவரிசை. அன்று தாத்தா சாப்பிடாமல் படுத்தது உனக்குத் தெரிந்த கதைதான்.

மூன்றாவது படத்துக்குக் கீழே, 'காம்பு கோணிவிட்டது, மாற்ற வேண்டும்' என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து மாற்றாதே. அந்த அகலமான கோடரியைக் கூர்முனைப் பக்கமாகத் திருப்பிப் பார்த்தால், ஒரு முகம் தட்டையாகவும் மறுமுகம் மட்டும் சரிவாகவும் இருப்பது தெரியும். உருண்டை மரத்தைச் சதுர உத்திரமாகச் செதுக்கும் கருவி அது. சாயம் தோய்த்த நூலைத் தெறித்துக் கோடு போட்டு, அந்தக் கோடு வரைக்கும் சாதாரணக் கோடரியால் வரிசையாக வெட்டுக்காயங்கள் இட்டு, பிறகு தட்டையான முகம் மரத்தை ஒட்டியிருக்க இடையில் நிற்கும் துண்டுகளைச் சீவித் தள்ளுவார்கள். விரல் முட்டிகள் மரத்தில் உரசாமல் இருப்பதற்காகவே காம்பை வெளிப்புறமாக வளைத்திருக்கிறார்கள். செதுக்கும்போது மரம் உருளாமல் பிடித்துக்கொள்வது, 10ஆம் படத்தில் நீ 'பெரிய ஆணி' என்று எழுதியிருக்கும், இரு முனையும் மடிந்து கூரான அந்த இரும்புக் கம்பி. 4ஆம் படத்தில் வாய் காம்புக்குக் குறுக்காக இருப்பது வாச்சி. அதை மரத்தின் மேல் நின்று தன் பாதத்தை நோக்கியே வீச வேண்டும். நீ வெறுமனேகூட ஓங்கிப் பார்க்காதே.

கொக்கி தொங்கும் தடிக்குப் 'பீவி' என்று எங்கோ தேடிப் பெயர் கண்டுபிடித்திருக்கிறாய். மிகவும் நெருங்கிவிட்டாய். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் ஸ்டில்வாட்டரில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த ஜோசப் பீவி என்னும் கொல்லரின் பெயரால் வழங்கும் கருவியின் நுனியில் ஈட்டி போன்ற முள் இருக்கும். ஆற்றில் மிதந்துவரும் மரங்களைக் குத்தி நெம்பிப் பிரிக்க அது உதவியது. நம்முடையதன் நுனி மழுங்கலாக, ஓர் இரும்புப் பூணோடு முடிகிறது. இது தரையில் கிடக்கும் மரத்தை உருட்டுவதற்கு மட்டுமே. கொக்கி மரத்தில் பதிந்தவுடன் தடி நெம்புகோலாகிவிடும். தன்னைப்போலப் பல மடங்கு கனமுள்ள மரத்தை ஒருவர் புரட்டிவிடலாம். ஆனால் மரம் திரும்பி உருண்டால் தடி மனிதரைத் தூக்கி எறியும். அதனால் அதையும் தாத்தா தனியாகப் பிடிக்கவிட்டதில்லை.

ஆறாவது பட்டை உரிக்கும் உளி. ஒன்பதாவது சுத்தியல்தான், ஆனால் முகத்தில் இருப்பது உடைசல் அல்ல, இடவலம் மாறிப் புடைத்து நிற்கும் எழுத்து. வெட்டிய மரத்தின் முகத்தில் ஓங்கி அடித்தால் அது யாருடைய மரம் என்ற முத்திரை விழும். களிமண்ணில் அழுத்திப் பார், தாத்தாவின் பெயரின் முதலெழுத்து உனக்குத் தெரியும்.

நான்கு மாதங்களாக ஒரு வரி எழுதாதவள், இரும்பைப் பற்றியாவது எழுதினாயே என்று இருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. முன்பு நீ அனுப்பிய படங்களில் அளவு நாடாவின் ஒரு நுனியை உன் கையும் மறுநுனியை இன்னொரு கையும் பிடித்திருக்கும். இம்முறை மறுநுனியின் மேல் ஒரு கல்லை வைத்திருக்கிறாய். அம்மாவும் அதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பெட்டியைப் பற்றி மட்டும்தான் கேட்கிறேன். இடுப்பு பிடித்துக்கொண்டால் யார் இருக்கிறார்கள் அங்கே?

இனி 7ஆம் படம். 'ஒருவர் இழுக்கும் ரம்பம்' என்று எழுதியிருக்கிறாய். கைப்பிடி ஒன்றுதானே இருக்கிறது என்று நீ நினைத்தது இயல்பே. ஒருவர் இழுக்கும் ரம்பம் கைப்பிடியிடத்தில் அகன்று நுனியை நோக்கிக் குறுகும். தச்சரின் ரம்பத்தைப் போலக் கையை உள்ளே நுழைத்துப் பிடிக்கும் பிடி அதற்கு உண்டு. இதில் இரு முனைகளும் ஒரே அகலம், இரண்டிலும் துளை. வலப்புறத் துளையில் கைப்பிடி திருகாணியோடு இருக்கிறது. இடப்புறத் துளை காலியாக இருக்கிறது. இது இருவர் இழுக்கும் ரம்பம். முதுகு உட்குழிந்து வளைந்திருப்பதால் நிற்கும் மரத்தை அறுப்பது. அந்தக் குழிவினால்தான் தகடு சற்று உள்ளே போனதுமே பின்னால் ஆப்பை அடிக்க இடம் கிடைக்கும். விழுந்த மரத்தைத் துண்டு போடும் ரம்பத்தின் முதுகு நேராகவும் தகடு தடிப்பாகவும் இருக்கும்.

பற்களின் மேல் அளவுகோலை வைத்தபோது சில குட்டையாகத் தெரிந்ததாகவும் அராவிச் சமப்படுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறாய். அரத்தைத் தொடவே தொடாதே. கூரான பற்கள் வெட்டின் இரு ஓரங்களிலும் கத்தி போலக் கோடு கீறுகின்றன. நுனி பிளந்த குட்டைப் பற்கள் இடையில் உள்ள மரத்தை இழைப்புளி போலச் சீவி வெளியே வாருகின்றன. அந்தக் கால் மில்லிமீட்டர் குறைவில்தான் ரம்பத்தின் உயிர் இருக்கிறது. நன்றாகத் தீட்டிய ரம்பம் தூளைக் கொட்டாது, நீளநீளமான நாடாக்களாகச் சீவலை இழுத்துப் போடும். துரு எடுக்க, சுழலும் கம்பித் தூரிகை வேண்டாம். செய்தவரின் முத்திரை தகட்டில் இருந்தால் அதையும் தேய்த்துவிடும். மண்ணெண்ணெய் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்தால் போதும். ஒட்டிய பிசினைக் கரைக்கத் தாத்தாவும் மண்ணெண்ணெய் புட்டியைத்தான் இடுப்பில் செருகியிருப்பார்.

கைப்பிடி கழற்றும்படி இருப்பதற்குக் காரணம், பின்னால் ஆப்பு இறங்கியபின் தகட்டை வந்த வழியே எடுக்க முடியாது என்பதே. ஒரு பிடியைக் கழற்றிப் பக்கவாட்டில் உருவ வேண்டும். நான் அதை அதற்காகக் கழற்றவில்லை.

அந்த ரம்பத்தை இழுக்க மட்டுமே வேண்டும், தள்ளக் கூடாது. மறுமுனையில் இருப்பவர் இழுக்கும்போது கையைத் தளர்த்தி ரம்பத்தோடு போக வேண்டும். எனக்கு 19 வயது, அவசரம். தாத்தா இழுக்கும்போதெல்லாம் நான் தள்ளினேன். "தள்ளாதே, விடு" என்று அவர் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். தகடு இறுகி வளைந்து நின்றுவிட்டது. வெளிச்சத்துக்கு நேரே முதுகைப் பிடித்துப் பார். காலித் துளையிலிருந்து இரண்டு சாண் தள்ளி ஒரு கோணல் தெரியும். அது என் கை செய்தது. அவர் ஏதோ சொன்னார். நான் என் பக்கத்துத் திருகாணியைக் கழற்றி, கைப்பிடியோடு நடந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு 6 ஆண்டுகள், மறுமுனை காற்றில் ஆட, ஒற்றைப் பிடியோடு அவர் தனியாகவே அதை இழுத்தார். ஒரு முறையும் அவர் அந்தக் கைப்பிடியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கேட்காமலே கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும்.

நீ சிறுமியாக இருந்தபோது கேட்டதற்கு, ஆற்றோடு போய்விட்டது என்றேன். போகவில்லை. என் அலமாரியின் அடித்தட்டில் துணி சுற்றி இருக்கிறது. பிடித்த இடத்தில் மரம் இன்னும் கறுத்திருக்கிறது. அம்மாவுக்கே இன்று காலையில்தான் காட்டினேன்.

அதைத் தபாலில் அனுப்பப் போவதில்லை. நானும் அம்மாவும் கொண்டுவருகிறோம். எந்த நாள் உனக்கு வசதி என்று மட்டும் எழுது. வேறு எதையும் எழுத வேண்டியதில்லை. காலித் துளையின் விட்டத்தை அளந்து சொன்னால், திருகாணி பொருந்துமா என்று இங்கேயே பார்த்துவிடுவேன். நாங்கள் வரும்வரை பெட்டியைத் தனியாக நகர்த்தாதே.

அன்புடன்,
அப்பா