யார் பக்கம் என்பது மட்டும்தானா கேள்வி?

ஆசிரியர் அவர்களுக்கு,

போர் மூண்டால் போதும், ஏதாவது ஒரு வல்லரசின் பக்கம் சேர்ந்தால்தான் பிழைக்க முடியும் என்று அறிவுரை சொல்லும் கட்டுரைகள் வந்துவிடுகின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. எல்லோரும் பக்கம் சேர்ந்துவிட்டால் சண்டையை விலக்கிவிடுவது யார்?

தென்கொரியாவுக்கு அமெரிக்காவும் வடகொரியாவுக்குச் சீனாவும் துணைநின்ற கொரியப் போரை நினைத்துப் பாருங்கள். சொந்த நாட்டுக்குத் திரும்ப விரும்பாத கைதிகளை என்ன செய்வது என்ற சிக்கலிலேயே போர்நிறுத்தப் பேச்சு ஓராண்டுக்கு மேல் இழுத்தது. 1953-இல் ஒருவழியாக ஐந்து நாடுகளின் ஆணையம் அமைந்தது. ஸ்வீடனும் சுவிட்சர்லாந்தும் ஒருபுறம், கம்யூனிஸ்ட் நாடுகளான போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் மறுபுறம். தலைமை இந்தியாவின் ஜெனரல் திம்மையாவுக்கு. இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்குக் காவலும் இந்திய வீரர்களே. அவர்கள் தன் மண்ணை மிதிக்கவே கூடாது என்று தென்கொரிய அதிபர் சிங்மேன் ரீ அடம்பிடித்ததால், இஞ்சோனில் நின்ற கப்பல்களிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றி, ராணுவமற்ற பகுதியில் இறக்கினார்கள். இரு தரப்பும் இந்தியாவைக் குறை சொல்லின. ஆனாலும் அந்த வேலையை அமெரிக்காவிடமோ சீனாவிடமோ ஒப்படைத்திருக்க முடியுமா?

இது பெரிய நாடுகளால் மட்டும் ஆகிற காரியம் என்று சொல்லவும் வழியில்லை. 1948-இல் ராணுவத்தையே கலைத்த கோஸ்டாரிகா, 1987-இல் அண்டை நாடுகளின் உள்நாட்டுப் போர்களுக்கு முடிவுகட்ட முன்நின்றது. நிகராகுவா அரசுக்கு எதிரான கான்ட்ரா படைகளை அமெரிக்கா ஆதரித்துவந்த நேரம் அது. வாஷிங்டனின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தாமல், அதிபர் ஆஸ்கர் ஏரியஸ் மத்திய அமெரிக்க அதிபர்கள் ஐவரும் கையெழுத்திட்ட உடன்பாட்டைச் சாத்தியமாக்கினார்.

ஐ.நா. வாக்கெடுப்பில் நழுவிவிட்டு அதற்குச் சுதந்திரக் கொள்கை என்று பெயர் சூட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. குடியிருப்புகள் மீது குண்டு விழும்போது அதைத் தவறு என்று சொல்ல எந்த நாட்டின் அனுமதியும் தேவையில்லை. அமெரிக்காவும் இருக்கும் நேட்டோ ராணுவக் கூட்டணியின் உறுப்பினரான துருக்கியிலேயே, ஈராக்கைத் தாக்க அமெரிக்கப் படைக்கு இடம் தரும் தீர்மானம் 2003 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை. அதற்காகத் துருக்கி அழிந்துபோய்விடவில்லை.

உலக நாடுகள் 2024-இல் ராணுவத்துக்குச் செலவிட்டது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர். ஐ.நா. அமைதிப்படையின் 2024-25 ஆண்டு பட்ஜெட் ஏறக்குறைய 560 கோடி டாலர். அதையும் பல நாடுகள் ஒழுங்காகக் கட்டுவதில்லை. இப்படி இருக்க, பேச்சுவார்த்தை பலிக்காது என்று எதை வைத்து முடிவுகட்டுகிறோம்?

தங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் பாயும் என்று வண்ணப் படத்துடன் விளக்குகிறீர்கள். பேச்சுவார்த்தை எந்தக் கோரிக்கையில் முட்டி நிற்கிறது, யார் விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள், நடுவில் நிற்பது எந்த நாடு என்பதற்கும் அதே பக்கத்தில் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்