'விஸ்.' என்றால் 'உதாரணமாக' இல்லை

ஆசிரியருக்கு,

நேற்றைய ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில், வி, ஐ, இசட் என்று மூன்றெழுத்தும் பின்னால் ஒரு புள்ளியுமாக வரும் 'விஸ்.' என்ற சுருக்கத்துக்கு 'உதாரணமாக' என்று பொருள் போட்டிருந்தீர்கள். அது தவறு. சின்ன விஷயம்தானே என்று விட்டிருப்பேன், ஆனால் இதே குழப்பத்தால் ஒரு நாள் முழுக்க அலைந்தவன் நான்.

ஒரு அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. தேவையான ஆவணங்கள், 'விஸ்.' என்று எழுதி, பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், புகைப்படம் என்று மூன்றைச் சொல்லியிருந்தார்கள். மூன்றையும் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றால், கவுன்டரில் இருந்தவர் முகவரிச் சான்று எங்கே என்கிறார். கடிதத்தில் இல்லையே சார் என்று அந்த வரியை விரல் வைத்துக் காட்டினேன். "அதெல்லாம் சும்மா எக்ஸாம்பிளுக்குப் போட்டது" என்றார். எக்ஸாம்பிளுக்கு என்றால் 'இ.ஜி.' போட்டிருக்க வேண்டும். அவரிடம் இலக்கணம் பேசி என்ன ஆகப்போகிறது, திரும்பி வந்துவிட்டேன்.

நம் மொழியில் இந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "இயல், இசை, நாடகம் ஆகிய மூன்றும்" என்றால் பட்டியல் அவ்வளவுதான், நாலாவது கிடையாது. "மா, பலா முதலிய மரங்கள்" என்றால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். 'விஸ்.' நம் 'ஆகிய' மாதிரி, 'இ.ஜி.' நம் 'முதலிய' மாதிரி. இடம்தான் மாறுகிறது: நாம் பட்டியலை முடித்துவிட்டு 'ஆகிய' என்போம், ஆங்கிலத்தில் பட்டியல் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவார்கள். "ஃபோர் டைரக்ஷன்ஸ், விஸ். நார்த், சவுத், ஈஸ்ட் அண்ட் வெஸ்ட்" என்பது சரி. முன்னால் ஒரு கமா வரும். பழைய இலக்கண உரைகளில் "அவையாவன" என்று வருமே, கிட்டத்தட்ட அதே வேலை. 'ஐ.இ.' என்பது வேறு, முன்னால் சொன்னதையே வேறு சொற்களில் விளக்கும் நம் 'அதாவது'.

இந்தச் சுருக்கத்தில் அந்த இசட் எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? மூலச் சொல் 'விடெலிசெட்' என்ற லத்தீன், 'காணலாம்' என்பது போன்ற பொருள். அதில் இசட்டே கிடையாது. கையால் ஏடு எழுதிய காலத்தில் சொல்லின் கடைசி 'எட்'டை முழுதாக எழுதாமல், 3 போல ஒரு குறி போட்டுவிட்டுப் போனார்கள், நம் பழைய கணக்கு நோட்டுகளில் மேற்படிக்கு ௸ போட்டது போலத்தான். அந்தக் குறி பார்ப்பதற்கு இசட் மாதிரி இருந்ததால் கடைசியில் இசட்டாகவே நிலைத்துவிட்டது. வாசிக்கும்போது பெரும்பாலோர் 'நேம்லி' என்பார்கள். 'விஸ்' என்றே வாசித்தாலும் குற்றமில்லை.

இன்றைக்கு யாரும் பேச்சில் இதைச் சொல்வதில்லை, சட்ட ஆவணம், சுற்றறிக்கை, பழைய பாணிக் கடிதம் இவற்றோடு சரி. புதிதாக எழுதுகிறவர்கள் பேசாமல் 'நேம்லி' என்றே எழுதிவிடலாம் என்பது என் கட்சி.

அப்புறம் இன்னொன்று. உங்கள் மாதிரி வாக்கியம் 'விஸ்.' என்று தொடங்கி 'எட்செட்ரா' என்று முடிகிறது. கணக்கை முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டு, கீழே "மேலும் சில செலவுகள் உண்டு" என்று எழுதுவது போல இருக்கிறது. திருத்தம் போடும்போது அதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்